பல் தெரிகிற கல்

அம்மா பெரியாத்தாளை அடக்கம் பண்ணிப் பால் தெளித்துவிட்டு வந்த அன்றைக்கே மருதாசலத்துக்கு அவசரமாக ஒரு போட்டோ தேவைப்பட்டது.

கேட்டவர் சாமியப்பன் மாமா. செத்தவளின் கூடப்பிறந்த தம்பி, சோமனூரில் தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்துக்குள்ளேயே நாற்பது வருசம் பேசிப் பழகியதால் ரகசியத்தைக்கூட அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

"மாப்ள, அக்காளுக்குக் கல்லு நான் வெக்கறேன். பொறந்தவன் செலவு. பளபளன்னு கருப்பு கிரானைட்டு. அதுல லேசர்ல மூஞ்சி எறக்கிருவானுங்க. போட்டோ மட்டும் நல்லதாக் குடுத்துரு. லட்சணமா, வாய மூடிட்டு இருக்கறதாப் பாத்துக் குடு."

"ஊட்டுல எத்தனையோ இருக்குமுங்க மாமா."

இருந்தன. முதலிபாளையத்துத் தோட்டத்து வீட்டில் பீரோவுக்கு மேலே ஆல்பங்கள் ஆளுயரம் கிடந்தன. மருதாசலமும் அவர் சம்சாரம் தமிழ்மதியும் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். வெளியே ஆனிக் காற்று தென்னைகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பந்தல் போட்டவன் கட்டின கயிறெல்லாம் விண் விண்ணென்று பாடியது. கல்யாணம், சீர், காதுகுத்து, கிரகப்பிரவேசம், எல்லாப் படத்திலும் பெரியாத்தாள் இருந்தாள். ஒன்றில் முழங்கையாக. ஒன்றில் கொண்டையாக. பலவற்றில் ஓரத்தில் ஓடுகிற சேலை நுனியாக. கேமரா வந்து நிற்கிற நேரத்தில் அவளுக்கு வேறெங்கோ ஜோலி இருந்திருக்கிறது.

"உங்கம்மா ஒரு எடத்துல நின்னிருந்தாத்தானுங்க," என்றாள் தமிழ்மதி.

மகள் தேஜஸ்ரீ வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எம்.பி.ஏ. படித்துவிட்டு அப்பாவின் பனியன் கம்பெனியிலேயே ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசராக இருப்பவள்.

"அப்பா, என்ற போன்ல அப்பாயி படம் இருக்குதுங்க. முழு மூஞ்சியும் தெரியும். ஆனா சித்தெ செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டுப் பாருங்க."

மருதாசலம் சாய்ந்து உட்கார்ந்தார். இயல்பிலேயே அவர் சாய்ந்து உட்காருகிற ஆள். காரை எடுக்கும்போது வீட்டு வாசலிலேயே சீட் பெல்ட்டைப் போட்டுவிடுவார். பிறகு கேட்டைத் திறப்பதற்காகக் கழற்றிக்கொண்டு இறங்குவார். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான், அவர் கொஞ்சம் கூடுதல்.

முதல் படத்தில் எங்கும் வெள்ளையாக இருந்தது. நடுவில் சடை சடையாக மயிர் தொங்குகிற ஒரு எருமை. அதன் மேலே குரங்குக் குல்லாய் போட்டு, கண்டாங்கிச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு பெரியாத்தாள்.

"இது எங்க கண்ணு?"

"மணாலிங்கப்பா."

"காசிக்குப் போறேன்னுதான சொன்னாங்க?"

"காசிக்கும் போச்சுங்க. அப்புறம் அப்படியே மேல போயிருச்சு."

இரண்டாவது படத்தில் கடல். கடலுக்கு மேலே ஆகாயம். ஆகாயத்தில் ஒரு பாராசூட். பாராசூட்டுக்குக் கீழே இரண்டு கால்கள் தொங்கின. வலது காலில் இருந்த மிஞ்சித் தழும்பு மருதாசலத்துக்குத் தெரிந்த தழும்பு.

"ராமேஸ்வரத்துல தீர்த்தமாடப் போனாங்களே, அப்பவா?"

"அதுக்கு அடுத்த வருசமுங்க. கோவா."

அவர் சம்சாரத்தைப் பார்த்தார். தமிழ்மதி ஆல்பத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ஸ்வெட்டர் நாந்தானுங்க எடுத்துக் குடுத்தேன். நம்ம கம்பெனி டேமேஜ் பீஸ்தான். கக்கத்துல ஒரு தையல் விட்டிருந்துச்சு, போட்டுக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே யாரும்?"

"சொன்னா நீங்க அந்த எருமைக்கு இன்சூரன்ஸ் இருக்குதான்னு கேப்பீங்கன்னு அத்தை சொன்னாங்க."

அப்படிக் கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். கேட்டிருப்போம் என்று தோன்றியதால் மூடிக்கொண்டார்.

இந்த அதிர்ச்சியே ஒரு மாதத்துக்குத் தாங்கும். ஆனால் அன்றைக்கு மத்தியானம், ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் கொண்டுவந்த அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றிப் பிசைகிறபோது, போன் அடித்தது. புது நம்பர். பேச்சு தெற்கத்திப் பேச்சு.

"அண்ணே, திருமுருகன்பூண்டியில இருந்து அழகுமல பேசுறேன். செலப் பட்டறை. ஆத்தா தவறிப்போன சேதி இப்பத்தாண்ணே காதுல விழுந்துச்சு. மனசே கேக்கல. அவுக கல்லு ரெடியா இருக்கு. கருமாதிக்கு முன்னாடி எறக்கிரணும்னு சொல்லி வச்சிருந்தாக. எப்ப வண்டி அனுப்பட்டும்?"

"எந்தக் கல்லுங்க?"

அந்தப் பக்கம் கல் அறுக்கிற கிரைண்டர் ஓடுகிற ஓசை கேட்டது.

"நீங்க நேர்ல ஒருக்கா வந்துட்டுப் போங்கண்ணே," என்றார் அழகுமலை.

போகிற வழியெல்லாம் மருதாசலம் கணக்குப் போட்டுப் பார்த்தார். அம்மா வாராவாரம் செவ்வாய்க்கிழமை பூண்டிக் கோயிலுக்குப் போவாள். பஸ்ஸில் போய்ப் பொழுதோடு வருவாள். வரும்போது தலையெல்லாம் வெள்ளையாகத் தூசு படிந்திருக்கும். திருநீறு என்று நினைத்து, அம்மாவின் பக்தியைப் பற்றிக் கம்பெனியில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு. உள்ளங்கை காய்த்திருக்கும். களை பறிக்காதீர்கள் என்று சத்தம் போட்டிருக்கிறார். சரி சாமி, இனிப் பறிக்கலை என்பாள்.

அவருக்கு உள்ளூர ஒரு பயமும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் கிட்டுசாமி. அவிநாசிப் பக்கம் ஸ்பின்னிங் மில் வைத்திருப்பவர். அவருடைய மகன் தரணீதரனுக்குத்தான் தேஜஸ்ரீயைப் பேசி முடித்திருந்தது. ஆவணியில் நிச்சயம். பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பிடித்துப்போய் மணிக்கணக்கில் போனில் கிடந்தார்கள். ஆனால் கிட்டுசாமி, வெற்றிலைத் தட்டு எந்தப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறது என்று கவனிக்கிற ஆள். எழவு கேட்க வந்தபோது மருதாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது: "பாந்தமான அம்மாங்க. அதிர்ந்து பேசி ஒருத்தரும் கேட்டதில்லைன்னு விசாரிச்சோமுங்க. அதைப் பாத்துத்தானுங்க இந்தச் சம்பந்தமே பேசுனது. கருமாதிக்குக் குடும்பத்தோட வந்தர்றோம். அன்னைக்கே நிச்சயத்துக்கு நாளையும் குறிச்சுக்கலாம்."

பட்டறை ரோட்டோரமே இருந்தது. தகரக் கொட்டகைக்குக் கீழே பிள்ளையார்கள் வரிசையாக நின்றிருந்தார்கள், சிலருக்கு இன்னும் தும்பிக்கை வரவில்லை. அழகுமலை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டுக் கும்பிட்டார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். தூசியில் புருவமெல்லாம் நரைத்திருந்தது.

"ஆத்தா முதல்ல வேப்பமரத்தடிக்கு நாகர் செல ஆர்டர் குடுக்கத்தாண்ணே வந்தாக. வந்தவுக, சாமிக எல்லாம் ஏன் இப்புடி உம்முன்னு இருக்குன்னு கேட்டாக. அதுக்கெல்லாம் அளவு இருக்கு ஆத்தா, மாத்தக் கூடாதுன்னேன். அப்ப எனக்கு ஒரு கல்லைக் குடு, நான் அளவில்லாமச் செஞ்சு பாக்குறேன்னாக."

"நீங்களும் குடுத்துட்டீங்களா?"

"மிச்சம் விழுந்த கல்லுதானே, ரெண்டு அடி அடிச்சுட்டுப் போயிரும்னு நெனச்சேன். அடுத்த வாரமும் வந்துட்டாக. பட்டறையில பயலுக மொணமொணன்னானுக. ஆத்தா நான் சாமி செலயத் தொட மாட்டேன், அந்த மூலையில உக்காந்துக்கிறேன்னு உக்காந்தவுகதான். முதல்ல ஒரு ஆட்டுக்குட்டி செஞ்சாக. ஆட்டுக்குட்டின்னு அவுக சொல்லித்தான் எங்களுக்குத் தெரிஞ்சுச்சு." அழகுமலை சிரித்துவிட்டு, எழவு வீட்டுக்காரர் முன்னால் சிரித்ததற்காக உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். "அது ஆச்சுண்ணே ஒம்பது வருசம். கை அப்புறம் நல்லா வந்துருச்சு."

மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்தது. அழகுமலை சாக்கை இழுத்தார்.

இடுப்பளவு உயரத்துக்கு ஊத்துக்குளிக் கல். கல்லில் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி. அதன் மேலே ஒரு பொம்பளை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, முந்தியை இடுப்பில் வரிந்து கட்டி, எதிர்காற்றில் முடி பறக்க, முன்னால் சாய்ந்து வண்டியை முறுக்கிக்கொண்டிருந்தாள். கால் விரல்கள் செருப்பைக் கவ்விப் பிடித்திருந்தன. சந்தேகத்துக்கே இடமில்லை. அந்தக் காதுத் தண்டட்டி, அந்த மூக்கு. வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பல் முழுக்கத் தெரிந்தது.

மருதாசலம் பக்கத்திலிருந்த, செதுக்கி முடிக்காத பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டார்.

"பல்லுத் தெரிய நாங்க செல செய்யறதில்லண்ணே," என்றார் அழகுமலை, மன்னிப்புக் கேட்கிற தொனியில். "அந்தப் பல்லு பூரா ஆத்தா கைவேல. நான் தொடல."

சிலைக்குப் பின் சீட்டில் எதுவோ இருந்தது. ஆளாகவும் இல்லை, மூட்டையாகவும் இல்லை. செதுக்காத வெறுங்கல்.

"இது யாருங்க?"

"நானும் கேட்டேன். யாரு வர்றாகன்னு பாப்போம், இப்பவே எதுக்கு மூஞ்சி வைக்கிறதுன்னாக. அப்படியே இருக்கட்டும்னாக."

"இத எங்க வெக்கறதாச் சொன்னாங்க?"

"அவுக சமாதி மேலதாண்ணே."

மருதாசலத்தின் கண்ணுக்கு முன்னால் கருமாதிப் பந்தல் வந்தது. பந்தலுக்குள் கிட்டுசாமி வந்தார். கிட்டுசாமிக்கு எதிரே அம்மா முழங்கால் தெரிய, பல் தெரிய, வண்டியை முறுக்கிக்கொண்டு வந்தாள்.

"இது ஆகாதுங்க," என்றார். "என்ன செலவோ அதை நான் குடுத்தர்றேன். கல்லு இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா ஆருக்காச்சும் குடுத்துருங்க."

"செலவெல்லாம் ஆத்தா முடிச்சிட்டாக." அழகுமலை தலையைச் சொறிந்தார். "ஆனா, நீங்க இப்புடிச் சொல்லுவீகன்னும் சொல்லியிருந்தாக. சொன்னா இதைக் காட்டச் சொன்னாக."

பலகையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்தது உள்ளங்கை அளவுக் களிமண் பொம்மை. அதே வண்டி, அதே சிரிப்பு. கழுத்தில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கியது. மருதாசலத்தின் கம்பெனி அட்டை. சாம்பிள் துணிகளுக்குக் கட்டுவது. 'அப்ரூவ்டு, ஓகே ஃபார் பல்க்', அதாவது இதே மாதிரி மொத்தமாகச் செய்யலாம் என்று எழுதியிருந்தது. கீழே இருந்த கையெழுத்து அவருடையது. தேதியும் போட்டிருந்தார். தேதி போடாமல் அவர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

ஞாபகம் வந்தது. மாசி மாதம். ஷிப்மென்ட் நெருக்கடி. ஒரு காதில் சாயம் போடுகிற டையிங்காரன், மறு காதில் துணி வாங்குகிற பையரின் ஆபீஸ். தேஜஸ்ரீ ஒரு தட்டம் நிறையச் சாம்பிள் கொண்டுவந்து வைத்தாள். குழந்தைகள் துணி ஆர்டர். துணியோடு ஏதோ பொம்மை கொடுக்கச் சொல்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் வரிசையாகப் போட்டுத் தள்ளினார். பொம்மைக்குப் போடும்போது, "இதென்ன, பல்லு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது," என்றுகூடச் சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "பையர் அப்படித்தானுங்கப்பா கேக்கறாங்க," என்றாள்.

"ஆத்தா ஒரு கேள்வியும் கேக்கச் சொன்னாகண்ணே. சாம்பிளுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, பல்க்கு வந்ததும் ஒரு பையர் வேண்டாங்குறான்னா அவன் என்ன மனுசன்னு கேக்கச் சொன்னாக."

திருப்பூரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கள் கிடையாது. போன வருசம் ஒரு வெளிநாட்டுக்காரன் தானே ஒத்துக்கொண்ட நீலத்தைப் பிறகு பிடிக்கவில்லை என்றபோது, டீக்கடை டீக்கடையாக நின்று நியாயம் கேட்டவர் அவர். வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சு. அம்மா சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். இதற்காகத்தான் கேட்டிருக்கிறாள்.

கோபத்தோடு சிலையிடம் திரும்பப் போனார். ஏதாவது குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று செக்கிங் டேபிளில் பீஸைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே பார்த்தார். டயரில், ஸ்டாண்டில், சேலை மடிப்பில் குறையில்லை. முகத்துக்கு வந்தபோது நின்றுவிட்டார். அம்மா சிரித்து அவர் பார்த்திருக்கிறார். பேத்திக்குப் பூ வைக்கும்போது, ஒறம்பரையை வாங்க என்று சொல்லும்போது, இட்லி மெத்தென்று வந்தால். அதெல்லாம் உதட்டோடு முடிகிற சிரிப்பு. இந்தச் சிரிப்பை ஐம்பத்தைந்து வருசத்தில் அவர் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. அம்மாவை அடக்கம் பண்ணும்போது வராத அழுகை, யாரோ ஒருவரின் பட்டறையில், தும்பிக்கையில்லாத பிள்ளையார்களுக்கு நடுவே வந்துவிட்டது. அழகுமலை கிரைண்டர் ஓட்டுகிறவனைப் பார்த்து ஓட்டச் சொல்லிச் சாடை காட்டினார். அந்தச் சத்தத்தில் மருதாசலம் நன்றாக அழுதார்.

கருமாதிக்கு முந்தின நாள் கல் வந்து இறங்கியது. பலகை போட்டு, கயிறு கட்டி, பட்டறை ஆட்கள் தோட்டத்திலேயே, அப்பா சமாதிக்குப் பக்கத்தில் அம்மாவைப் புதைத்த இடத்தின் மேல் அதை நிறுத்தினார்கள். சாமியப்பன் மாமா பந்தலிலிருந்து துண்டை உதறிக்கொண்டு வந்தவர், பாதி வழியில் நின்றார்.

"என்றா மாப்ள இது?"

"அம்மாதானுங்க."

"அது தெரியுது. பல்லென்ன இப்படி? ராட்சசிக்குத்தான்டா பல்லு வெப்பாங்க. நாளைக்குக் கிட்டுசாமி வர்றான். இதக் கண்டான்னா பந்தல்லயே திரும்பிப் போயிருவான். உன்ற புள்ள கண்ணாலம்டா." பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"தெரியுமுங்க மாமா. ஆனா கையெழுத்துப் போட்டுட்டனுங்க."

"எதுல?"

"பல்க்குக்கு."

மாமாவுக்கு அது விளங்கவில்லை. திட்டுவதற்காகச் சிலையை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். குனிந்து அந்த வாயைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பியபோது சத்தம் இறங்கியிருந்தது. மாமா மெதுவாகப் பேசி மருதாசலம் கேட்பது அதுதான் முதல் தடவை.

"எங்கூட்டுக் கெணத்துல, மோட்டார் ரூம்பு மேல ஏறிக் குதிக்கும் அக்கா. அத்தன ஒசரத்துல இருந்து. பசங்க நாங்கெல்லாம் படியில எறங்குவோம். குதிக்கறப்ப இப்படித்தான் வாயத் தொறந்துட்டு வரும். தண்ணி உள்ள போயிரும்னு அப்புச்சி வைவாரு." துண்டால் முகத்தைத் துடைத்தார். "கண்ணாலத்துக்கு அப்புறம் இந்தப் பல்ல நான் பாக்கவே இல்லடா."

கிரானைட்காரனுக்குப் போன் பண்ணி லேசர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

மருதாசலம் மகளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ணு, நாளைக்கு இது எப்படிப் போகுமுன்னு தெரியல. தரணிகிட்டச் சொன்னியா?"

"போட்டோவே அனுப்பிட்டனுங்க."

"என்ன சொன்னாரு?"

"சூப்பர்னாரு. அப்புறம், எங்கப்பாவ நெனச்சாத்தான் பயமா இருக்குதுன்னாரு." சிரித்தவள், குரலைத் தழைத்தாள். "அப்பா, வேண்டாம்னா இப்பவே எடுத்தர்லாமுங்க. வெச்சுட்டு அவங்க வர்றப்பத் துணி போட்டு மட்டும் மூடிராதீங்க. அத என்னால பாக்க முடியாதுங்க."

மூடவில்லை. ஆனால் கருமாதியன்று காலையில் சடங்கெல்லாம் முடிகிற வரைக்கும் மருதாசலம் சிலைக்கும் பந்தலுக்கும் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார். தன் உடம்பால் எவ்வளவு மறைக்க முடியுமோ அவ்வளவு.

கிட்டுசாமி வெள்ளை வேட்டி மடங்காமல் வந்தார். கூடவே அவர் சம்சாரம் வள்ளியாத்தாள், பட்டுச்சேலை தரையில் படாமல், கண்ணைத் தூக்காமல் நடக்கிற அம்மாள். மகன் ஒரு ஓரமாக வந்தான். கிட்டுசாமி சமாதியைக் கும்பிடக் கையைத் தூக்கினார். தூக்கிய கை நெஞ்சருகே நின்றது. ஆனிக் காற்றில் பந்தல் துணி மட்டும் படபடவென்று அடித்தது. ஒறம்பரையெல்லாம் சாப்பாட்டு எலையை விட்டுவிட்டு இங்கேயே பார்த்தது.

"இது..." என்றார் கிட்டுசாமி.

"என்ற அம்மாங்க," என்றார் மருதாசலம். "அவங்களே செதுக்குனதுங்க."

"அவங்களேவா?"

"ஆமாங்க. ஒம்பது வருசம் போனாங்களாட்ட. எனக்கும் போன வாரந்தானுங்க தெரியும்."

கிட்டுசாமி சிலையைப் பார்த்தார், மருதாசலத்தைப் பார்த்தார், மறுபடி சிலையைப் பார்த்தார். விசாரித்ததில் எங்கோ தப்பு நடந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "பேசலாமுங்க. சாப்பிட்டுட்டுப் பேசலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார். பேசலாம் என்ற சொல்லில் நாள் குறிப்பதும் இருந்தது, கையை விரிப்பதும் இருந்தது. மருதாசலத்துக்கு எது என்று தெரியவில்லை. தேஜஸ்ரீ தூணோரம் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வள்ளியாத்தாள் பந்திக்குப் போகவில்லை. ஆட்கள் கலைகிற வரைக்கும் நின்றிருந்துவிட்டுச் சிலைக்குக் கிட்டே போனாள். பல்லைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பின் சீட்டில் இருந்த வெறுங்கல்லின் மேல் கையை வைத்து, அது எவ்வளவு சொரசொரப்பு என்று தடவிக்கொண்டே நின்றாள். மருதாசலம் போய்ப் பக்கத்தில் நிற்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதித் தூரத்தில் நின்றார்.

அவள் திரும்பாமலே கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, அந்தப் பட்டறைக்குப் பஸ்ஸுல போனா எந்த ஸ்டாப்புல எறங்கோணுமுங்க?"

காற்றில் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தார். விழுந்ததுதான்.

"சாமி செல ஏதாச்சும் வாங்கவா தங்கச்சி?"

"செல வாங்கறதுன்னா அவரு கார் அனுப்புவாருங்களே."

மருதாசலம் பந்திப் பக்கம் பார்த்தார். கிட்டுசாமி முதல் வரிசையில் உட்கார்ந்து, எலையின் நுனி எந்தப் பக்கம் இருக்கிறது என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருதாசலம் குரலைத் தாழ்த்தி, கோயில் ஸ்டாப்பில் இறங்கி அவிநாசி ரோட்டிலேயே கொஞ்சம் நடந்தால் தகரக் கொட்டகை என்றும், அழகுமலை என்று கேட்கச் சொல்லியும், கிரைண்டர் ஓடுகிற பக்கம் உட்கார்ந்தால் தூசு அதிகம் என்பதால் மூலையில் உட்காருவது நல்லது என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டிருப்பது தான்தானா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். கையில் ஒட்டியிருந்த கல்தூளை ஊதினாள். ஊதுகிறபோது உதடு விரிந்து ஒரு பல் தெரிந்தது. உடனே மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, பொம்பளைகள் பந்திக்குப் போய்விட்டாள்.

சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டு கிட்டுசாமி நேராக மருதாசலத்திடம் வந்தார்.

"எங்கூட்டுக்காரி ரொம்ப நேரம் உங்ககிட்டப் பேசிட்டிருந்தாளாட்ட இருக்குதுங்களே. அவ வெளியாளுங்ககிட்டப் பேசவே மாட்டா. என்னுங்க கேட்டா?"

"கை கழுவற எடம் எதுன்னு கேட்டாங்க சம்மந்தி," என்றார் மருதாசலம்.

கண்ணிமைகூட ஆடவில்லை.